கதவை இழுத்த கை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வாஷிங் மெஷினைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. போர்டு, மோட்டார், சென்சார் எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த சில மாடல்களில் மேல்மூடியை எந்தப் பக்கம் தள்ளிக் கழற்றுவது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் எந்த மாடல் வந்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது. மெஷின் ஒரு வீட்டுக்குள் இருக்கிறது. நாம் அந்த வீட்டுக்குள் போய்த்தான் வேலை செய்கிறோம். பழுது என்ன என்று நாம் சொல்கிற ஒரு வாக்கியம், நாம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகும் அங்கேயே தங்கிவிடும். சில வீடுகளில் அது என்னென்ன செய்யும் என்பதை நான் கீழப்பழுவூரில் ஒரு வீட்டில்தான் பார்த்தேன்.

அப்போது நான் பெரம்பலூர் சர்வீஸ் சென்டரில் இருந்தேன். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் வருகிற புகார்களும் எங்களுக்குத்தான் வரும். ஒரு நாள் காலையில் ஆபீஸில் போன் எடுக்கும் பெண் என்னைக் கூப்பிட்டு, கீழப்பழுவூரில் ஒரு வீட்டில் மெஷின் கதவுப் பூட்டு மறுபடி போய்விட்டது, போன தடவை வந்தவர் வேண்டாம், வயசில் பெரியவராக யாராவது வந்தால் நல்லது என்று கேட்கிறார்கள் என்றாள். வயசில் பெரிய ஆள் கேட்கிறார்கள் என்றாலே பழுது மெஷினில் மட்டும் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. புதுப் பூட்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய வீடு. அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியும் சிமெண்ட் லாரியும் ஓயாமல் போகும். வேலி, மரம், வாசலில் காயப்போட்ட துணி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். உள்ளே போனால் ஹாலில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் கலியமூர்த்தி, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விவசாயம். அந்த வீட்டு மருமகள் சுகன்யாவின் அப்பா. கல்யாணத்துக்குச் சீராக அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. எதிரே சுவரில் சாய்ந்தபடி மாமியார் தனக்கொடி நின்றார். அவர் மகன் மணிகண்டன் கதவோரம் நின்றிருந்தான். சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் இடத்தில் ஒப்பந்த வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு தெரிந்தது. சுகன்யா ஹாலில் இல்லை. பின்பக்கம் மெஷினுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பையைக் கீழே வைப்பதற்குள் தனக்கொடி ஆரம்பித்துவிட்டார்.

"போன தடவ வந்த தம்பியே சொல்லிட்டுப் போச்சு, வேகமா இழுத்து ஒடச்சிருக்குன்னு. இவளுக்குக் கோவம் வந்தா பாத்திரத்து மேல, கதவு மேலதான் காட்டுவா. இந்தத் தடவையும் அதேதானான்னு நீங்க பாத்து சொல்லுங்க."

கலியமூர்த்தி குரலை உயர்த்தவில்லை. "நான் மட்டமான சாமான் வாங்கிக் கொடுக்கலங்க. எம் பொண்ணும் சாமான ஒடைக்கிற பொண்ணு இல்ல. நீங்க உள்ளத சொல்லுங்க. அதக் கேட்டுட்டு அவள இங்க வுடுறதா, கையோட கூட்டிட்டுப் போறதான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

நான் பூட்டு மாற்ற வந்தவன். எனக்குப் பஞ்சாயத்து நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மாதிரி மெஷினில் ஓட்டம் தொடங்கியதும் கதவு பூட்டிக்கொள்ளும். நின்று சற்று நேரம் ஆன பிறகுதான் விடும். அதற்குள் யாராவது பலமாக இழுத்தால் உள்ளே கொக்கியோ பூட்டோ உடையும். நான் ‘இழுத்ததால் உடைந்தது’ என்று சொன்னால் அந்தப் பெண் பெட்டி கட்ட வேண்டியதுதான். ‘சாமான் மட்டம்’ என்று சொன்னால் அப்பா வாங்கிக் கொடுத்த சீருக்குக் கேவலம், அதோடு அது பொய்யாகவும் இருக்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்றால் போன தடவை வந்தவர் சொன்னதே நிற்கும். மூன்று பக்கமும் முட்டுச் சந்து. இப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது நேரம் வாங்குவது. திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன், எல்லோரும் ஹாலிலேயே இருங்கள், குழாய், சுவிட்ச் எங்கே என்று காட்ட அந்தப் பெண் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

தண்ணீரை வடித்து, மேல்மூடியைக் கழற்றி, உள்ளே கை விட்டுக் கதவைத் திறந்தேன். அந்த வேலையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உள்ளே ஒரு போர்வை, இரண்டு புடவை, நைட்டி, துண்டு. முந்தின நாள் காலையிலிருந்து ஈரத்தோடு கிடந்ததில் வாடை வந்தது. பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. கொக்கி வளைந்து, பூட்டின் நாக்கு முறிந்திருந்தது. பூட்டியிருக்கும்போது யாரோ முழு பலத்தோடு இழுத்திருக்கிறார்கள். போன தடவை வந்த தம்பி சொன்னது சரிதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த சாமான் அதைத்தான் சொன்னது, அவரும் அதைத்தான் சொன்னார்.

புதுப் பூட்டு போடுவதற்கு முன்னால் கதவைச் சுற்றித் துடைப்பது என் பழக்கம். துணியை எடுத்தவன் துடைக்காமல் நிறுத்தினேன். அந்த வீட்டில் ஜன்னல் கம்பி வரை தூசி. ஆனால் மெஷின் மட்டும் பளிச்சென்று இருந்தது. மேல்பக்கம், கண்ணாடி, சோப்புத் தட்டு, பட்டன் இடுக்கு எல்லாம் துடைத்துத் துடைத்து வைத்தது போல. கைப்பிடியின் உட்புறத்தில் மட்டும், விரல்களை விட்டு இழுக்கிற பள்ளத்தில், சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. ரோட்டுத் தூசி என்றால் தொட்டாலே உதிரும். இது நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஈரத்தில் இறுகிய சிமெண்ட்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்துச் சுவரில் ஆணியில் ஒரு யூனிஃபார்ம் சட்டை தொங்கியது. துவைக்காத சட்டை, பலகை மாதிரி விறைத்திருந்தது. மெஷினுக்குள் ஆண் துணி ஒன்றுகூட இல்லை.

நான் சுகன்யாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் எப்போது போடுவீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டேன். காலையில் குளித்ததும் போட்டுவிடுவேன், அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் என்றாள். அவர் துணியை யார் போடுவது என்று கேட்டேன். அவரே போடுவார் என்றாள்.

இப்போது எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தபோது இருந்த கஷ்டத்தைவிடத் தெரிந்த பிறகு வந்த கஷ்டம் பெரிது. நேரே ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிடலாம். மாமனார் முன்னால், அம்மா முன்னால், ரிப்பேருக்கு வந்தவன் வாயால் ஒரு மனிதனின் தலையைக் குனிய வைத்துவிட்டு நான் பெரம்பலூருக்கு வந்துவிடலாம். அந்தப் பெண் அதற்கப்புறம் அந்த மனிதனோடுதான் வாழ வேண்டும். சொல்லாமல் விடலாமா என்றால் அதுவும் முடியாது. செய்யாத தப்புக்கு ஒருத்தி பையைக் கட்டி வைத்திருக்கிறாள்.

மெஷினைச் சாய்க்க ஒரு கை வேண்டும் என்று மணிகண்டனைக் கூப்பிட்டேன். சுகன்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். மெஷினைச் சாய்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவன் வந்ததும் கைப்பிடியின் உட்புறத்தைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். நிமிரவே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, கால் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு யூனிஃபார்மைக் கழற்றித் துவைக்கப் போடக் கதவை இழுத்தானாம். வரவில்லை. தூக்கக் கலக்கம், எரிச்சல், பலமாக ஒரு இழுப்பு. முதல் தடவையும் அதேதான். அன்று தூங்கி எழுந்து வந்தபோது அம்மா சுகன்யாவைத் திட்டிக்கொண்டிருந்தாராம். சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைத்திருக்கிறான்.

"மொத நாளே சொல்லியிருந்தா சின்ன விஷயம் சார். நாளு போகப் போக வாயே வரல. அப்பறம் உங்க ஆளு வந்து இழுத்து ஒடச்சிருக்குன்னு சொன்னதும் அம்மா அதையே புடிச்சிக்கிச்சு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். பார்ட் வீக்காக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எல்லாம் இதோடு முடிந்துவிடும் என்று கெஞ்சினான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்தப் பொய்யை நான் சொன்னால், அவளைக் குற்றம் சொன்ன இத்தனை நாட்களுக்கும் பதில் இல்லாமலே போய்விடும். அடுத்த தடவை எது உடைந்தாலும் மறுபடி அவள் தலையில்தான் விழும்.

"பார்ட் வீக் இல்ல தம்பி, அத நான் சொல்ல மாட்டேன். பூட்டியிருக்கும்போது இழுத்ததால ஒடஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுவேன். யாருன்னு சொல்ல வேண்டியது நீங்க."

ஹாலுக்குப் போனேன், சுகன்யாவும் அங்கே வந்து நின்றிருந்தாள். சொன்னபடி அவ்வளவுதான் சொன்னேன். தனக்கொடி உடனே மருமகளைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றார். கலியமூர்த்தி குனிந்து பையின் காதைப் பிடித்தார். எனக்குப் பின்னால் வந்த மணிகண்டன் தரையைப் பார்த்தபடி நின்றான். வெளியே ஒரு லாரி போய் அடங்கியது. என் வேலைக்காலத்தில் ஷாக் அடித்திருக்கிறது, மெஷின் காலில் விழுந்திருக்கிறது, அந்தச் சில நொடிகள் மாதிரி எதுவும் இருந்ததில்லை. போன தடவை வந்தவர் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். இவன் வாயைத் திறக்காவிட்டால் நான்தான் அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தவன். கலியமூர்த்தி பையைத் தரையிலிருந்து தூக்கினால் நானே சொல்லிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்தேன்.

"நான்தாம்மா," என்றான் மணிகண்டன். "ரெண்டு தடவையும் நான்தான் இழுத்தேன். அவ இல்ல."

தனக்கொடி மகனைப் பார்த்தார். ஏன்டா என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கலியமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நாள் என் பொண்ணைப் பேச விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தீங்களா மாப்ள என்று கேட்டார். மணிகண்டன் மனைவியின் பக்கம் திரும்பினான். அப்போதுதான் சுகன்யா பேசினாள். அழவில்லை, கோபமும் இல்லை.

"எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். தெனம் அந்தக் கைப்பிடிய தொடைக்கிறவ நான்தானே. உங்க கையில இருக்கறது அதுல ஒட்டும். நேத்து எல்லாத்தையும் தொடச்சேன், அத மட்டும் தொடைக்கல."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டான்.

"நான் சொன்னா சண்டைன்னு சொல்லுவீங்க. நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்."

எனக்கு ஒன்று விளங்கியது. நான் கண்டுபிடித்ததாக நினைத்தது எதுவும் கண்டுபிடிப்பே இல்லை. அவள் அந்தச் சிமெண்டைக் கண்ணில் படும்படி விட்டு வைத்திருந்தாள். வருகிறவன் பார்ப்பானா, பார்த்துவிட்டு என்ன செய்வான் என்று படியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

மகன் ஒத்துக்கொண்டதும் எல்லாம் சரியாகிவிட்டது, அப்பா பையை அவிழ்த்துவிட்டார் என்று சொன்னால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சுகன்யா அப்பாவோடு கிளம்பினாள். மாமியார் அனுப்பியும் இல்லை, அப்பா இழுத்துக்கொண்டு போயும் இல்லை, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பி, "போயிட்டு வரேன் அத்தை" என்றாள். போகிறேன் என்று சொல்லவில்லை. தனக்கொடி தலையை மட்டும் ஆட்டினார். மணிகண்டன் பையை வாங்கக் கை நீட்டினான், மாமனார் கொடுக்கவில்லை. அவன் வெறும் கையோடு அவர்களுக்குப் பின்னால் பஸ் ஸ்டாப் வரை நடந்து போனான்.

நான் பின்பக்கம் வந்து மீதி வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தனக்கொடி வந்து நின்றார். வாடை அடித்த துணிகளை எடுத்து வாளியில் போட்டார். பிறகு மெஷினைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் இதத் தொட்டதே இல்லண்ணே. அவ அப்பன் வூட்டு சாமான்னு தொடல. எப்புடி போடுறதுன்னு எனக்குக் காட்டிட்டுப் போங்க."

காட்டினேன். அதற்குள் மணிகண்டனும் திரும்பி வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றான். ஓடும்போது நடுவில் துணி போட வேண்டுமானால் நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், உள்ளே டக் என்று சத்தம் வரும், அதன் பிறகுதான் கதவைத் தொட வேண்டும் என்று அவனையே செய்ய வைத்தேன். மெஷின் வந்த அன்று இதை யாராவது காட்டினார்களா என்று கேட்டேன். டெமோ கொடுக்க வந்தவர் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டினார், நான் ஹாலில் இருந்தேன் என்றான்.

இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். டெமோ கொடுக்கப் போனால் நாம் எல்லோரும் செய்வது இதுதான். வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பட்டன்களைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தக் கதவைத் திறக்கப் போகிற மற்றக் கைகளை நாம் பார்ப்பதே இல்லை. அன்றைக்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒரு தடவை கதவை மூடித் திறக்கச் சொல்வேன். அய்யா ஹாலில் டிவி பார்க்கிறார் என்பார்கள். பரவாயில்லை, ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்கள் என்பேன். சிலர் என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்று, ‘இழுத்து உடைத்திருக்கிறார்கள்’ என்று சொல்வதும் ‘பூட்டியிருக்கும்போது இழுத்தால் உடையும்’ என்று சொல்வதும் ஒன்றில்லை. முதலாவதில் ஒரு ஆள் இருக்கிறார். கேட்கிறவர்கள் தங்களுக்குப் பிடிக்காத ஆளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். எந்தச் சாமான் எப்படிப் போனது என்று சொல்லுங்கள். யார் என்று கேட்டால் அவசரப்படாதீர்கள்.

நான் அன்று செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. அந்தச் சில நொடிகள் அந்தப் பெண்ணை மறுபடி ஒருமுறை குற்றவாளியாக நிற்க வைத்தேன். அவன் பேசியதால் என் கணக்கு சரியாகத் தெரிகிறது. பேசாமல் இருந்திருந்தால், நான் சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் நம்புவது சுலபம்.

அந்த வீட்டைப் பற்றி வெகுநாள் தகவல் இல்லை. அரியலூர் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். போய்க் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிறகு நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. தண்ணீர் வடியவில்லை என்று புகார். வேறொருவருக்குப் போயிருக்க வேண்டியதை நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது சுகன்யா.

வடிகட்டியில் ஒரு ஹேர்பின் சிக்கியிருந்தது, எடுத்துப் போட்டேன். நான் கேட்காமலே அவள் கொஞ்சம் சொன்னாள். பத்து நாள் என்று நினைத்துப் போனது மாதக்கணக்கில் ஆகிவிட்டதாம். மணிகண்டன் லீவு கிடைக்கும்போதெல்லாம் ஜெயங்கொண்டம் போய் வந்திருக்கிறான். முதலில் அப்பா அவனோடு பேசவே இல்லை, அவன் தோப்பில் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவானாம். திரும்பி வருவதை அவள் தானாகத்தான் முடிவு செய்தாள். எல்லாம் மறந்துவிட்டது என்று இல்லை சார், ஆனா இப்ப அவரு எதையும் உடனே சொல்லிடுவாரு என்றாள்.

கதவு பூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் தடவையாக என் முன்னால் சிரித்தாள்.

"அத எங்க அத்தையதான் கேக்கணும் சார். நான் அந்தக் கதவத் தொட்டா, மெதுவா சாத்துன்னு பின்னாடியே வந்து நிக்கிறாங்க."